நானூற்றுப் பன்னிரண்டு

விமானம் ஏற இன்னும் முப்பத்தொன்பது மணி நேரம் இருந்தது. சபைக் கூடத்தின் பின்னறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவள் ஓர் ஆரஞ்சை உரித்தாள். உரித்த கையின் விரலை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்தாள். குத்தினாள். சர்க்கரை பார்க்கும் மிஷின் முந்நூற்று நாற்பது என்றது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி குத்தினாள். தொண்ணூற்றாறு.

வெளிநாட்டு ஊழியத்துக்கு வந்த ஆறு பேரில் அவள்தான் சின்னவள். லேப் டெக்னீஷியன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள். அதனாலேயே குழுவில் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர்.

வந்த முதல் நாள், இந்தத் தமிழ்ச் சபையின் தையல்காரி அக்கா விருந்தாளிகளுக்கென்று ஒரு கூடை ஆரஞ்சு உரித்துவிட்டு, அதே கையோடு வந்து சர்க்கரை பார்க்க இவளிடம் விரலை நீட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு. குழுவை அழைத்து வந்த போதகர், அதாவது இவளுடைய சித்தப்பா, அக்காவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். எல்லோரும் அழுதார்கள். இவளும்தான். மூன்றாம் நாள் தொண்ணூற்றெட்டு. அன்றிலிருந்து சபையில் வேறு பேச்சே இல்லை.

இன்று காலை பழக்கூடை மறுபடி வந்தது. அந்த வாசனைதான் அவளைப் பின்னறைக்குத் துரத்தியது. ஆனால் தனக்கு வந்தது முந்நூற்று நாற்பதுதானே, நானூற்றுப் பன்னிரண்டு இல்லையே. பரிசோதனையைத் திரும்பச் செய்யலாம். அந்த நாளின் அந்த விரலுக்கு எங்கே போவது?

சித்தப்பா பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வா வாயாடி, இது மேல உக்காரு. மூடவே மாட்டேங்குது."

உட்கார்ந்தாள். "சித்தப்பா, ஒருவேளை மொத நாள் மிஷின் தப்பா காட்டியிருந்தா?"

"மூணாம் நாள் சரியா காட்டுன மிஷின் மொத நாள் மட்டும் ஏன் தப்பா காட்டணும்? பாவம், அது மேல பழி போடாத."

அதுவும் சரிதான். மிஷின்மேல் தப்பில்லை. ஜிப்பை இழுத்துவிட்டு அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஊருக்குக் கிளம்புற நேரத்துல மனசு இப்படித்தான் குழம்பும். ஜெபம் பண்ணும்மா."

பண்ணினாள். ஆரஞ்சுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று கேட்பதா, இருக்கக்கூடாது என்று கேட்பதா என்று தெரியவில்லை. ஆமென் மட்டும் சொன்னாள்.

தையல்காரி அக்காவிடமே சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் அவள் கடைக்குப் போனாள். அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு, இவளுடைய பையின் அறுந்த கைப்பிடியைத் தைத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் புருஷன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்.

"விஷயம் தெரியுமா? உங்க அண்ணன் நேத்துலருந்து ஊசிய நிறுத்திட்டாரு," என்றாள் அக்கா, நூலைக் கடித்தபடி.

"இவளுக்கே மனசு எறங்கின கடவுள் எனக்கு எறங்காமப் போவாரா? இவ வாய்க்கு நான் எவ்வளவோ தேவல," என்றார் அவர்.

அவள் மிஷினை எடுத்தாள். அவரைக் கை கழுவச் சொன்னாள். இன்னொரு தடவை கழுவச் சொன்னாள்.

"என்னம்மா, ஆபரேஷனா பண்ணப்போற?"

முந்நூற்று எழுபத்தொன்று. மிஷினை அவரிடம் காட்டினாள்.

"ஊசி போட்டுருங்கண்ணே."

"இவளுக்கு மூணாம் நாள்தானே எறங்குச்சு? எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாள்தான்."

அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. முதல் எண்ணைத் தவிர. அதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள், அக்கா பையை அவள் மடியில் வைத்து, கன்னத்தைத் தடவி, "உன் கையாலதான் எல்லாம் நடந்துச்சு," என்றாள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் காலை பிரியாவிடைக் கூட்டம். அண்ணன் முதல் வரிசையில் இருந்தார். உதடு வறண்டிருந்தது. பாட்டு முடிவதற்குள் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு அக்காவின் பாட்டிலுக்குக் கை நீட்டினார். இரண்டு தடவை எழுந்து வெளியே போய் வந்தார்.

சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அவர் மெதுவாக முன்னே போய் ஓர் அட்டைப்பெட்டியைச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

"ஐயா, என் இன்சுலின். இனி எனக்கு வேணாம். இல்லாதவங்க யாருக்காவது குடுங்க."

சபை கைதட்டியது. சித்தப்பாவுக்கு இது புதுச் செய்தி. பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் கண்கள் கூட்டத்தைத் துழாவி அவளிடம் வந்து நின்றன.

அவள் எழுந்தாள்.

"நம்ம வாயாடி பேசப்போறாடா," என்று குழுவில் யாரோ சிரித்தார்கள்.

"அண்ணே, அத திருப்பி வாங்கிக்கங்க. இப்பவே போட்டுக்கங்க." குரல் தன்னுடையதுபோலவே இல்லை. "அக்காவுக்குச் சர்க்கர இருந்ததே இல்ல. அன்னைக்கு ஆரஞ்சு உரிச்ச கைய கழுவச் சொல்லாமலே நான் குத்திட்டேன்."