பச்சை நூல் வரும்வரை

சுண்டெலி விடுதியில் தங்கிப் படிக்கப் போய் ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் சித்தி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா இறந்தபோது அவள் மகளுக்குப் பத்து வயது. சித்திதான் கூட்டிவந்து வளர்த்தாள். புத்தகத்தின் ஓரத்தை மென்றுகொண்டே படிப்பாள் என்பதால் சுண்டெலி என்று பெயர் வைத்ததும் சித்திதான். இருவரும் ஒரே புத்தகத்தைப் படிப்பார்கள். சித்தி, பழைய உடுப்புகளைப் பிரித்து அளவு திருத்தும் கடையில் வேலை செய்பவள். அங்கே மிஞ்சும் நூல் துண்டுகள்தான் பக்க அடையாளம். சித்திக்குச் சிவப்பு, சுண்டெலிக்குப் பச்சை. ஓர் அத்தியாயத்தை முடித்தவள், மற்றவளின் நூல் வந்து சேரும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது. தொட்டால் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். ஏழு வருடத்தில் சித்தி ஒரு தடவைகூடக் கழுவியதில்லை. சுண்டெலிக்குக் கழுவிக் கழுவிக் கை தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியாகப் படித்தது ஒரு கோட்டைக் கதை. முற்றுகை நடக்கிறது. உள்ளே படைவீரர்களின் உடுப்பைத் தைக்கும் பெண்ணுக்குப் பதினேழு வயது. வெளியிலிருந்து கடிதம் கொண்டுவருகிறான் ஒரு குதிரைக்காரன். அதை அவனுடைய மேலங்கியின் உள்துணிக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கோட்டைக்குள் வந்து பிரித்தால் கடிதம் இல்லை! யாரோ எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்திருக்கிறார்கள். பழி குதிரைக்காரன் தலையில் விழுகிறது. அந்தப் பெண்ணுக்கோ அவன்மேல் ஏற்கெனவே ஒரு கண்.

சிவப்பு நூல் அத்தியாயத்தின் முடிவில் இருந்தது. பச்சை நூல் எட்டுப் பக்கம் பின்னால், நூற்று நான்கில். விடுதிக்குக் கிளம்பிய அவசரத்தில் சுண்டெலி அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். போனில் கேட்டபோது, "லீவுக்கு வரும்போது படிக்கிறேன் சித்தி" என்றாள். அந்த லீவுக்குத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

சித்தி காத்திருந்தாள். சும்மா இருக்க முடியாமல் முதல் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை நான்கு தடவை படித்துவிட்டாள். மதிய இடைவேளையில் வெட்டு மேசைமேல் புத்தகத்தை விரித்தால் கடை இஸ்திரிக்காரர் சீண்டாமல் விடமாட்டார்.

"என்னக்கா, குதிரை இன்னும் அதே இடத்துலதான் நிக்குதா? பாவம், அதுக்குப் புல்லாவது போட்டீங்களா?"

"உங்க பெட்டியில இருக்குற கரியப் போடுறேன், தின்னுமான்னு பாப்போம்."

நான்காம் தடவை படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. திரும்பப் போட்ட தையல் மற்றதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது என்று ஒரே ஒரு வரி. படிப்பவர்கள் தாண்டிப் போகிற வரி. சித்தி முப்பது வருடமாக அடுத்தவர் தையலைப் பிரிப்பவள். இடக்கைக்காரர் போட்ட தையல் அது! மூன்றாம் அத்தியாயத்தில் கோட்டை வைத்தியர் மருந்துக் கரண்டியை இடக்கையில் பிடிக்கிறார். அப்படியானால் கடிதத்தை எடுத்தது அவர்தான்! சொல்ல ஆளில்லை. சுண்டெலியிடம் போனில் உடைக்கவும் மனமில்லை. அவள் இன்னும் நூற்று நான்கில் அல்லவா இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சுண்டெலி கூப்பிட்டாள். இந்த லீவுக்கும் வர முடியாதாம், ஏதோ பயிற்சியாம்.

"சரிடி, பரவால்ல. புத்தகத்தத் தபால்ல அனுப்பிவிடட்டுமா? எட்டுப் பக்கம்தானே பாக்கி. நீ முடிச்சுட்டு சொல்லு, நான் இங்க..."

"எந்தப் புக்கு?" என்று பின்னாலிருந்து அறைத்தோழியின் குரல் கேட்டது. "அந்தக் குதிரைக்காரன் கதையா? அதத்தான் வந்த முதல் வாரமே நாம ஒரே மூச்சுல முடிச்சோமே!"

அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்துவது கேட்டது.

"சித்தி... லைப்ரரியில இருந்துச்சு. சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"இதுல என்னடி வருத்தம். பாத்திரம்தான் ஒரு வாரம்."

"சித்தி!"

"வைத்தியர்தானே எடுத்தாரு?"

"ஐயோ! நீயும் முடிச்சிட்டியா?"

"இல்ல. தையல் சொல்லிச்சு."

சுண்டெலி கூவினாள். "ஏய், எங்க சித்தி பாதியிலேயே கண்டுபிடிச்சிருச்சுடி!" என்று அறை முழுக்கச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருங்கிறது சரி சித்தி. ஏன்னு தெரிஞ்சா அழுதுருவ. படி, சரியா? கூப்பிடுறாங்க, நான் அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

சித்தி போனை ஓரமாகத் தள்ளினாள். பிறகு புத்தகத்தைத் திறந்தாள். நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தின் தாள் அதுவரை யாரும் தொடாததால் முந்தினதோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நகத்தால் பிரித்தாள்.

கதை அவளை விடவில்லை. ஆற வைத்த தேநீர் அப்படியே ஏடு கட்டியது. குதிரைக்காரன் மதிலேறி வழுக்கி, எருமைத் தொட்டியில் தொப்பென்று விழுந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்து, "பாத்தியாடி" என்று நிமிர்ந்தாள். எதிர் நாற்காலியில் மடிக்காத துவைத்த துணி கிடந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில், கதையில் கடிதம் கிடைத்தது. அதில் ஒரே ஒரு கட்டளை: இதைக் கொண்டுவருகிறவனை உயிரோடு விடாதே. வைத்தியர் அதைத் திருடியது அவனைக் காப்பாற்ற. சொன்னால் அந்தப் பெண் தாங்கமாட்டாள் என்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

சித்தி அழுதாள். வைத்தியருக்காகத்தான் என்று முதலில் நினைத்தாள்.

கடைசிப் பக்கத்தில் சிவப்பு நூலை வைத்தாள். பச்சை நூலை எடுத்து அதன் பக்கத்தில் வைக்கக் கை போனது, சுண்டெலிதான் முடித்துவிட்டாளே. பக்கத்தைப் புரட்டி, நூற்று நான்கில் அது வளைந்து கிடந்ததைப் பார்த்தாள். கிடந்தபடியே விட்டு மூடிவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர்.