உடோ குகைக் கோயிலில் இந்திராதேவி

இரவிச்சந்திரனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமையில் மூன்று நாள் பின்னேரம், லாசாலிலிருந்து பஸ் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு மணித்தியாலம் டயலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். அதனால்தான், ஜப்பானில் ஆங்கிலம் படிப்பிக்கும் மகள் நிருஷாவிடம் மனைவி இந்திராதேவி தனியே போயிருந்தாள்.

அன்று டயலிசிஸ் கட்டிலில் அவருக்கு மாலை ஏழரை, ஜப்பானின் மியசாக்கியில் மறுநாள் காலை எட்டரை. மகளின் போனிலிருந்து இந்திராதேவி வீடியோவில் வந்தாள். முகமெல்லாம் வெயில். பின்னால் கடல்.

“இஞ்ச பாருங்கோ, குகைக்குள்ள கோயில். கடல் ராசான்ர மகள் இதுக்குள்ளதான் பிள்ளை பெத்தவவாம். எட்டிப் பாக்க வேண்டாமெண்டு சொல்லியும் புருசன் பாத்திட்டானாம். அவ பிள்ளையை விட்டிட்டுக் கடலுக்கே போயிட்டா.”

“அங்கால என்ன பாறை?”

“அதில ஒரு குழி இருக்கு. மண் உருண்டை எறிஞ்சு உள்ள விழுந்தால் நினைச்சது நடக்குமாம். நிருஷா உருண்டை வாங்கப் போயிட்டாள். உங்கட கிட்னிக்குத்தான் எறியப் போறன்.”

“உம்மட முழங்காலுக்கு எறியும்.”

அவள் சிரித்தாள். “எனக்குத் தலை ஒரு மாதிரி…” என்றாள். அடுத்த சொல் குழறியது. திரையில் வானமும் சிவப்புக் கைபிடிச்சுவரின் ஒரு மூலையும் மட்டும் நின்றன.

“இந்திரா! இந்திரா!”

அலைச்சத்தம். விளங்காத மொழியில் பதறும் குரல்கள். ஒரு கிழவர் குனிந்து திரையைப் பார்த்து ஏதோ கேட்டார். இரவிச்சந்திரன் ஆங்கிலத்தில் சொன்னார், பிரெஞ்சில் சொன்னார், தமிழில் கத்தினார். கிழவர் போய்விட்டார்.

இரவிச்சந்திரன் ஊசி ஏற்றியிருந்த கையை மடித்ததில் இயந்திரம் அலறியது. ஆண் தாதி அல்பேட் ஓடிவந்து கையை அழுத்திப் பிடித்தான்.

“கழட்டு. நான் போகவேணும்.” தமிழில் சொல்கிறோம் என்று தெரிந்து, திரும்பப் பிரெஞ்சில் சொன்னார்.

“கழற்ற இருபது நிமிடம் ஆகும். பிறகு எங்கே போவீர்கள்?” அல்பேட் உண்மையாகவேதான் கேட்டான்.

போனில் நிருஷா “அம்மா!” என்று வீரிட்டாள். இணைப்பு அறுந்தது. ஒன்பது தரம் அழைப்பு எடுத்துப் பார்த்தார். குழாயில் இரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

இயந்திரத்தைக் கழற்றிய பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. லிஃப்ட்டுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபோது நிருஷா அழைப்பு எடுத்தாள்.

“மூளையில இரத்தம் கட்டிட்டுதாம் அப்பா. உயிருக்குப் பயமில்லையெண்டு சொல்லீனம். வலப்பக்கம் அசையேல்லை. கதைக்கவும் ஏலாமல் கிடக்கு.”

“நான் வாறன் பிள்ளை.”

“எப்பிடியப்பா? நாளையிண்டைக்கு உங்களுக்கு டயலிசிஸ் எல்லே? இஞ்ச அதுக்கு இடம் எடுக்கக் கிழமைக்கணக்காகும்.” அவள் அழுதாள். “அம்மான்ர காதில வைக்கிறன், கதையுங்கோ. அவவுக்குக் கேக்கும்.”

மூச்சுச் சத்தம் கேட்டது.

“இந்திரா… இஞ்ச மழை இல்லை. பஸ்ஸிலதான் போறன். நீர் வைச்சிட்டுப் போன குழம்பு இன்னும் ரெண்டு பெட்டி கிடக்கு. சூடாக்கிச் சாப்பிடுறன்.”

மறுமுனையில் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“என்ன இந்திரா? என்ன சொல்லுறீர்?”

திரும்பவும் அதே சத்தம். கூப்பிடுகிறாளா, வலியில் முனகுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. மகளிடம் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை.