கடலில் முக்கியெடுத்த லுங்கி

குடியாத்தத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்கு அன்று போனவர்கள்: ராமமூர்த்தியாகிய நான், என் மனைவி வள்ளியம்மாள், மகன் நவநீதன், மருமகள் சௌந்தர்யா, பேத்தி தமிழினி, சௌந்தர்யாவின் தகப்பனார் செங்கல்வராயன். வேன் ஓட்டியவர் மணலில் இறங்கவே இல்லை, உள்ளேயே தூங்கினார்.

சம்பந்திக்குத் திருப்பத்தூரில் ஜவுளிக்கடை. எங்கள் வீட்டுத் தறியில் நெய்கிற லுங்கியை அவர் கடையில் வைத்ததில்லை. பொங்கலுக்கு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். சாயம் நிற்குமா என்பதுதான் அவருடைய ஒரே சந்தேகம். பெண் கொடுத்தவருக்கே இப்படியொரு சந்தேகம் என்றால் வெளியார் என்ன நினைப்பார்கள்?

தமிழினி சிப்பி பொறுக்க சௌந்தர்யா பிளாஸ்டிக் வாளி எடுத்து வந்திருந்தாள். அதை வேனிலேயே வைக்கச் சொன்னேன். சிவப்பில் நீலக் கட்டம் போட்ட புது லுங்கி ஒன்றை எடுத்து, மூட்டையாக முடிந்து கொடுத்தேன்.

"இன்னா சம்பந்தி, புதுத் துணிய உப்புத் தண்ணிக்கு எடுத்துட்டீங்க?"

"பாருங்களேன். எங்க தறித் துணி கடலுக்கெல்லாம் பயப்படாது."

"கடல் பயப்படாம இருந்தா சரி" என்றாள் வள்ளியம்மாள்.

எல்லோரும் குனிந்து தேடினோம். அறுந்த இழையைத் தேடிப் பழகிய கண் நவநீதனுக்கு, சோழிகளாகப் பொறுக்கினான். சம்பந்தி வயதை மறந்து அலைக்குள் ஓடி, விசிறி போன்ற ஒரு சிப்பியைக் கொண்டுவந்தார்.

"இது தாத்தாவோடது. தரமாட்டேன்."

"நான்தான் மொதல்ல பாத்தேன்" என்று தமிழினி பிடுங்கிக்கொண்டாள். பிறகு வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் ஓடி, எதையோ எடுத்து மூட்டைக்குள் போட்டாள்.

மணல் போக அலசலாம் என்று மூட்டையை அலையில் முக்கினேன். தண்ணீர் கறுத்தது.

சிவப்புத் துணியிலிருந்து கறுப்பு எப்படி வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீரில் நிறம் கண்டால் எங்கள் ஆட்கள் துணியைத்தான் பார்ப்பார்கள். நவநீதன் மோந்து பார்த்தான். சம்பந்தி கட்டைவிரலால் தேய்த்தார். வீட்டில் சாயம் சோதிப்பதுபோல நான் ஈரத் துணியை என் வெள்ளை வேட்டியில் அழுத்தினேன். வேட்டியிலும் கறுப்பு.

"பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம் சம்பந்தி" என்றார் செங்கல்வராயன், தணிந்த குரலில். அந்தத் தணிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வள்ளியம்மாள் மூட்டையைப் பிரித்தாள். சிப்பிகளுக்கு நடுவே உள்ளங்கை அளவில் கொழகொழவென்று ஒன்று கிடந்தது.

"யாரு கண்ணு இத எடுத்தது?"

"நான்தான் ஆயா. குட்டி ஆக்டோபஸ்."

"கணவா மீனு இது. வயித்துல மையி இருக்கும். மூணு ஆம்பளைங்க நின்னு துணிய மோந்து பாக்குறீங்க, உள்ள இன்னா இருக்குதுன்னு ஒருத்தராவது பாத்தீங்களா?"

சௌந்தர்யா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சம்பந்தி லுங்கியை வாங்கி, தாமே அலையில் திரும்பத் திரும்ப அலசி, தம் வெள்ளைக் கைக்குட்டையை வைத்துப் பிழிந்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"பொங்கலுக்கு அனுப்புங்க சம்பந்தி" என்றார். "கணவா மட்டும் வேணாம்."

வேட்டிக் கறை கடல் தண்ணீருக்குப் போகவில்லை. மாற்றிக்கொள்ள அந்த லுங்கிதான் இருந்தது; லுங்கியோடு தெருவில் இறங்குகிற வழக்கம் எனக்கு இல்லை. கறை வேட்டியோடுதான் வீட்டு வாசலில் இறங்கினேன்.

எங்கள் லுங்கி கடலில் சாயம் விட்டதாகவும், சம்பந்தி சரக்கு வேண்டாம் என்றதாகவும் தெருவில் பேசுகிறார்கள். சாயம் விடவில்லை. வேட்டியில் இருந்தது கணவாய் மை. சரக்கு திருப்பத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது.