கடலில் சொல்லக்கூடாத பெயர்

மொராக் கில்கிறிஸ்ட் இயக்கிய முதல் இரண்டு படங்களும் ஒரு வாரம்கூட ஓடவில்லை. மூன்றாவதன் கடைசிக் காட்சிக்காக ஸ்காட்லாந்தின் மொரே கரையில் நாங்கள் படகேறியபோது, கேமராவில் நான்கு நிமிட ஃபிலிம்தான் மிச்சம். கதாநாயகன் ரூரி மறுநாள் லண்டன் கிளம்புகிறான். அன்று தவறினால் படத்துக்கு முடிவே இல்லை. காட்சிக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஆகவே வரிசையாகவே சொல்கிறேன்.

இருபது வருடம் கழித்து வந்த மகன், இனி இங்கேதான் என்கிறான். தகப்பன் அவனைக் கட்டிக்கொள்கிறான். காட்சி அவ்வளவே. தகப்பன் வேடத்தில் படகுக்காரர் வாட்டி ஃப்ளெட். நிஜ மீனவர்.

“கேமராவப் பாக்காதீங்க வாட்டி,” என்றாள் மொராக்.

“அதை யாரும்மா பாத்தா? கேமராக்காரன் மூஞ்சியத்தான் பாக்கறேன். பச்சையாக் கெடக்கு. வாந்தி எடுத்தா காத்தடிக்கிற பக்கம் வேணாம்னு சொல்லு!”

கேமரா ஓடத் தொடங்கியது.

“அப்பா, அடுத்த வருஷம் நாம சேந்தே சால்மன் பிடிப்போம்,” என்றான் ரூரி. கிளாஸ்கோ நகரத்துக்காரிகளான நானும் மொராக்கும் எழுதிய வசனம்.

வாட்டி பாய்ந்து ஓர் இரும்பு வளையத்தைப் பிடித்தார். கடலில் ‘சால்மன்’ என்ற பெயரை அங்கே யாரும் உச்சரிப்பதில்லை; சொன்னால் கேடு, உடனே இரும்பைத் தொட வேண்டும். ‘சிவப்பு மீன்’ என்பார்கள். சுக்கான் பிடித்திருந்த அவர் தம்பி, “இரும்பத் தொடு! இரும்பத் தொடு!” என்று கத்தினார்.

“என்னடா பேசற? ஊரே மறந்துபோச்சா ஒனக்கு?” என்றார் வாட்டி. பிறகு தம்பியிடம், “படகத் திருப்பு!”

மகனிடம் கேட்டாரா, நடிகனிடம் கேட்டாரா, எனக்குத் தெரியாது.

‘கட்’ வரும் என்று மொராக்கைப் பார்த்தேன். அவளோ கேமராக்காரன் தோளில் கைவைத்து மெல்லத் திருப்பினாள்: இரும்பைப் பற்றிய கையிலிருந்து ரூரியின் முகத்துக்கு. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல், தகப்பன் படகிலேயே விருந்தாளியாக நின்றான் அவன். ஃபிலிம் தீரும்வரை அந்த முகம்தான்.

கரையில் வாட்டி சங்கடத்தோடு வந்தார். “இன்னைக்கு இனிமே கடலுக்குப் போகக்கூடாதும்மா. நாளைக்கு வேணா எடுத்துக்கலாம்.”

“வேணாம். முடிஞ்சிருச்சு.”

“எங்க முடிஞ்சுது? நான் அவனக் கட்டிப் பிடிக்கவே இல்லயே!”

“ஆமா வாட்டி,” என்றாள் மொராக். “பிடிக்கவே இல்ல.”

இரண்டு வருடம் எழுதித் திருத்திய முடிவை நான்கு நிமிடத்தில் கைவிட்டவள், படகிலிருந்து பெட்டிகளை இறக்கப் போய்விட்டாள்.