பூட்டிய அலமாரி

எங்கள் நெய்வேலி ஆய்வகத்தில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. நுண்ணுயிர் வேண்டுமென்று யார் தபால் அட்டை போட்டாலும், ஒரு சோதனைக்குழாயில் வளர்த்து, பஞ்சு சுற்றி அனுப்பிவிடுவோம். எதற்கென்றுகூடக் கேட்க மாட்டோம். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம்.

எண்பத்திரண்டில் எனக்கே ஒன்று அகப்பட்டது. சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேட்டில், புல்கூட முளைக்காத இடத்தில் இருந்த பாக்டீரியா. அதைக் கலந்த தொட்டியில் அந்த மண்ணிலேயே கடலை காய்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடலூர்க் கல்லூரியில் பாடம் நடத்தும் செசிலியா கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

"ஒரு குழாய் குடுங்க சார். காடாம்புலியூர்ல முந்திரிக் கன்னுக்குப் போட்டுப் பாக்கறேன்."

அமெரிக்காவில் நுண்ணுயிருக்கும் காப்புரிமை கொடுக்கிறார்கள் என்று அப்போதுதான் படித்திருந்தேன். புத்தி கெட்டுப்போயிருந்தது.

"காப்புரிமைக்கு எழுதிப் போட்டிருக்கேம்மா. அது வரட்டும்" என்றேன். கொண்டுவந்த காலிக் குழாயைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அது பூட்டிய அலமாரியில்தான். உதவியாளர் பரமசிவத்தைக்கூட அண்டவிடவில்லை. பன்னிரண்டு வருடம் என்னோடு வேலை பார்த்த மனுஷன்!

சித்திரையில் அப்பா இறந்துபோனார். பொள்ளாச்சியில் காரியமெல்லாம் முடித்துத் திரும்ப ஒரு மாதம் ஆயிற்று. சாவி என் சட்டைப்பையிலேயே இருந்தது. இரண்டு வாரத்துக்கொரு தடவை புது ஆகாரத்துக்கு மாற்றாவிட்டால் அது செத்துவிடும். திறந்தபோது எல்லாக் குழாயும் காய்ந்து கிடந்தன. பரமசிவம் பக்கத்தில் நின்றார்.

மண்மேட்டுக்கு ஓடினேன். அதன்மேல் முப்பதடிக்குப் புதுமண் கொட்டியிருந்தார்கள். சுற்றுவட்டாரமெல்லாம் தோண்டிப் பார்த்தும் அது அகப்படவில்லை. அடுத்த வாரமே பதில் கடிதம் வந்தது: நுண்ணுயிருக்கு நம் நாட்டில் காப்புரிமை தருவதில்லை.

வெட்கத்தை விட்டுச் செசிலியாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தன் அலமாரியைத் திறந்து காட்டினார், அதற்குப் பூட்டே இல்லை. கொடுத்தவர்கள் பெயர் எழுதி வரிசையாகக் குழாய்கள். ஒன்று மட்டும் காலி. அதில் 'மருதாசலம், நெய்வேலி' என்று என் பெயர் ஒட்டியிருந்தது.

"குடுப்பீங்கன்னு ஒட்டிக்கினு வந்தேங்க சார். குடுத்திருந்தா இந்நேரம் மாத்தி மாத்தி வளத்துக்கினு இருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அலமாரிச் சாவியைப் பரமசிவத்திடம் நீட்டினேன்.

"இப்ப எதுக்குங்க சார்?" என்றார்.