முதல் பந்து விழும்வரை

நகரத்து அரங்கில் பதினேழாயிரம் பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பது டுவேன் கெஸ்லருக்குப் பிடிபடவில்லை. அந்த ஒருத்தி அவருடைய மனைவி மார்லீன்.

முப்பத்தெட்டுக் குளிர்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கூடைப்பந்து பார்த்தவர் அவர். ஹார்ட்வெல் என்ற சின்ன ஊரில், அங்கிருந்த கல்லூரியின் பழைய உள்ளரங்கில், மூன்றாவது வரிசையில். அத்தனை வருஷத்தில் அவள் பேசாமல் இருந்த ஆட்டம் ஒன்றுகூடக் கிடையாது. தொண்டை கட்டிக்கொண்ட ஒரு பிப்ரவரியில், சொல்ல வேண்டியதையெல்லாம் பாப்கார்ன் பையில் எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். இப்போது இந்தியானாபொலிஸுக்குக் குடிவந்து இரண்டாவது குளிர்காலம். மகள் ஜேனல் வேலை பார்க்கும் நிறுவனம், தொழில்முறை அணியின் ஆட்டங்களுக்கு இரண்டு இருக்கைகள் வைத்திருந்தது. அவள் அவற்றைப் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்தாள். மெத்தை வைத்த இருக்கை. வீரனின் நெற்றி வியர்வைகூடத் தெரியும் தூரம். மார்லீன் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள், கைதட்ட வேண்டிய இடத்தில் தட்டினாள், "நல்லா ஆடறாங்க" என்றாள். அவ்வளவுதான்.

இது சின்ன விஷயம் என்று டுவேனால் விட முடியவில்லை. இருவரும் வீட்டில் அதிகம் பேசுகிறவர்கள் அல்ல. பேச்செல்லாம் ஆட்டத்தின் நடுவில்தான் நடந்தது. ஜேனல் படிப்பை நிறுத்தப்போகிறாள் என்று அவர் தெரிந்துகொண்டது ஒரு இடைவேளைக்கு முன்னால். மார்லீனின் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்பது, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ இரண்டு எதிரணிக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில். அந்தப் பேச்சு நின்றுவிட்டால், மிச்சமிருக்கிற வருஷங்களை இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி கழித்துவிடுவோமோ என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

டுவேன் நாற்பது வருஷம் கொதிகலன் பழுது பார்த்தவர். பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் கட்டடத்துக்கு அடியில் உட்கார்ந்து நீராவி அனுப்புகிற பெரிய இரும்புக் கொதிகலன்கள். ஒன்று வேலை செய்யவில்லையென்றால் அவர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட மாட்டார். ஒரு சமயத்தில் ஒன்றை மாற்றிவிட்டு, என்ன ஆகிறது என்று பார்ப்பார். மார்லீன் விஷயத்திலும் அப்படியே இறங்கினார்.

முதலில் காது. அரங்கின் இரைச்சலில் கேட்கவில்லையோ என்று டாக்டரிடம் அழைத்துப் போனார். அவளுடைய காது சுத்தம். அவருடைய இடது காதுதான் மந்தம் என்று டாக்டர் சொன்னார். அடுத்தது இடம். ஒருநாள் ஜேனலிடம் சொல்லி மேலே, மலிவான வரிசைக்கு மாறிப் பார்த்தார். அங்கேயும் அதே மௌனம், கூடவே முதுகுவலி. மூன்றாவதாக, சீண்டிப் பார்த்தார்.

"அந்தப் பதினொன்னாம் நம்பர் இடதுகைக்காரன்தானே?"

"வலதுகை" என்றாள் மார்லீன்.

முன்பென்றால், எந்த வருஷம் எந்த ஆட்டத்தில் அவர் இதே மாதிரி உளறினார் என்பதிலிருந்து ஆரம்பித்திருப்பாள்.

கடைசியில் காரில் திரும்பும்போது நேராகவே கேட்டார்.

"ஏன் இப்பல்லாம் ஆட்டத்துல பேச மாட்டேங்கறே?"

"என்ன பேசணும்?"

"எதாச்சும். முன்னெல்லாம் பேசுவியே."

"முன்னெல்லாம் பேசினா, ‘கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ மார்லீன்’னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"விட்டுக்கிட்டிருக்கேன். நீ ரோட்டைப் பாரு, கிழவா."

ஜனவரி மூன்றாவது வாரம் ஒரு தடயம் கிடைத்தது. நகர அணியின் மிகப்பெரிய ஆட்டக்காரன், தேசமே பெயர் சொல்லும் ஒருவன், அடுத்தடுத்து இரண்டு ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டான். முதல் எறி வளையத்தின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பியது. மார்லீனின் முதுகு இருக்கையிலிருந்து எழுந்தது. இரண்டாவது அதே இடத்தில் இடித்தது. அவள் வாய் திறந்தது. டுவேன் காதை அவள் பக்கம் சாய்த்தார். அதற்குள் அவனே பந்தைத் திரும்பப் பறித்து, எகிறி, வளையத்துக்குள் அடித்து இறக்கிவிட்டான். வாய் மூடிக்கொண்டது. முதுகு மறுபடி மெத்தையில் சாய்ந்தது.

பழைய கொதிகலனில் இப்படி ஒன்று உண்டு. திரி பற்றும், பெரிய தீ பிடிக்காது. தீ பிடிக்கவில்லையே தவிர, எரிவாயு வருகிறது, பொறி தெறிக்கிறது என்பதாவது அதிலிருந்து தெரியும். கோளாறு எந்தப் பக்கம் என்று தேடலாம்.

அன்று ராத்திரி டுவேன் படுக்கையில் ராண்டல் ஃபாயை நினைத்துக்கொண்டார். எண்பத்தாறாம் வருஷம் ஹார்ட்வெல்லுக்கு வந்தவன். பன்றிப் பண்ணைக்காரர் வீட்டுப் பையன், ஆறடி ஒன்பது அங்குலம். ஃப்ரீ த்ரோ போட நின்றால் வலது முழங்கை கோழி இறக்கை மாதிரி வெளியே விரியும். கை விரிந்தால் பந்து ஒரு பக்கமாய்ச் சுழலும். சுழலும் பந்து விளிம்பில் பட்டதும் உள்ளே உருளாமல் ஓடிவிடும். முதல் வருஷம் பத்துக்கு மூன்று விழுந்தால் அதிகம். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது வரிசையிலிருந்து மார்லீன் கத்துவாள்: "முழங்கை, ராண்டல்." பயிற்சியாளர் சொல்வதற்கு முன்பே அவள் குரல் அவனை எட்டிவிடும். இரண்டாம் வருஷம் பத்துக்கு ஐந்து. மூன்றாம் வருஷம் எறிவதற்கு முன் அவள் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். நான்காம் வருஷம், கடைசி ஆட்டத்தின் கடைசி நொடிகளில், ஒரு புள்ளி பின்தங்கியிருக்கும்போது கோட்டில் நின்றான். மூன்றாவது வரிசையைப் பார்த்தான். மார்லீன் வாயைத் திறக்கவில்லை. தன் முழங்கையை விலாவோடு ஒட்டிக் காட்டினாள். இரண்டும் உள்ளே. ராண்டல் இப்போது டிராக்டர் டயர் விற்கிறான், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை அனுப்புகிறான், கையெழுத்துக்குக் கீழே ‘முழங்கை’ என்று எழுதி.

நகர அரங்கில் ஆடுகிறவர்கள் எல்லாரும் அந்த நான்கு வருஷத்தை வேறெங்கோ முடித்துவிட்டு வந்தவர்கள். முடிந்த வேலையில் மார்லீன் சொல்ல என்ன இருக்கிறது? ஜேனல் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரும் அப்படித்தான். சத்தமில்லாமல் எரிகிறது, சத்தமில்லாமல் அணைகிறது. அருமையான சாதனம். அதில் காதை வைத்துக் கேட்க ஒன்றுமில்லை.

காரணம் இதுவாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் காரணம் தெரிவது வேறு, ஓட வைப்பது வேறு. ஹார்ட்வெல் போகக் காரில் இரண்டரை மணி நேரம். பனிக்காலச் சாலையில் அவ்வளவு தூரம் ஓட்ட அவர் கண் இனி ஒத்துழைக்காது.

அடுத்த வாரம் ஆணி வாங்கப் போன கடையின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெத்தானி ரிட்ஜ் கல்லூரி, கூடைப்பந்து, சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிஷம். அப்படி ஒரு கல்லூரி இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆணியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"எங்கே போறோம்?" என்றாள் மார்லீன், சனிக்கிழமை காரில்.

"ஒரு கொதிகலன் பாக்க."

"ஓய்வு வாங்கினவன் வாங்கின மாதிரி இருக்கணும்."

உள்ளே நுழைந்ததும் பாப்கார்ன் வாசனையும் தரையில் பூசிய வார்னிஷ் வாசனையும் சேர்ந்து வந்தன. மர பெஞ்சுகள். சுவரோரம் நீராவிக் குழாய்கள், அவற்றில் ஒன்று சுத்தியலால் அடித்தது போலத் தட்டிக்கொண்டிருந்தது. குழாயின் சரிவு தவறு, தண்ணீர் தேங்குகிறது என்று டுவேன் தனக்குள் சொல்லிக்கொண்டார். மூன்றாவது வரிசையில் இடம் இருந்தது. எல்லா வரிசையிலும் இருந்தது. மொத்தம் இருநூறு பேர்தான் வந்திருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கப் பந்தை மேலே எறிந்ததும் அந்த இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள். ஹார்ட்வெல்லிலும் இதே வழக்கம்தான்: சொந்த அணியின் முதல் பந்து வளையத்துக்குள் விழும்வரை யாரும் உட்காரக் கூடாது. டுவேனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, இலையுதிர் காலத்தில்தான் மார்லீனுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

"நீ உக்காரு. கால் வலிக்கும்."

"எல்லாரும் நிக்கறாங்க. நான் உக்காந்து, அதனால பந்து விழலேன்னா?"

இடது கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெத்தானி ரிட்ஜ் பையன்கள் முதல் பந்தை வெளியே எறிந்தார்கள். இரண்டாவது பந்து வளையத்தைத் தொடவே இல்லை. மூன்றாவது முறை, எதிரே ஒருவருமில்லாமல் தனியாக ஓடிய ஒருவன் பந்தைத் தன் காலிலேயே தட்டிவிட்டான். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம். நகர அரங்கில் இவ்வளவு நேரம் ஒரு அணி புள்ளி எடுக்காமல் இருந்தால் பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்திக் கூப்பிட்டுவிடுவார். டுவேன் தோளில் இருந்த கை இறுகிக்கொண்டே வந்தது.

"வலிக்குதா?"

"சும்மா இரு. அந்த நாலாம் நம்பரைப் பாத்தியா?"

டுவேன் தலையை மட்டும் ஆட்டினார். தீ பிடிக்கும் நேரத்தில் கதவைத் திறக்கக் கூடாது.

"பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே தலையத் திருப்பிடறான். பந்தைப் பிடி, அப்புறம் பாரு. ஒண்ணு ஒண்ணா செய்யுடா, தம்பி. அதோ, மறுபடியும். இவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? யாருமே சொல்லிக் கொடுக்கலையா?"

முன்வரிசையில் நின்ற ஒரு பெண்மணி திரும்பினாள். பச்சைக் கம்பளிச் சட்டை, அதில் பெரிதாக நான்கு என்ற எண்.

"அவன் என் பையன்."

மார்லீன் அந்தச் சட்டையைப் பார்த்தாள். "கை நல்ல கை" என்றாள். "தலைதான் அவசரப்படுது."

"நான் வீட்லயும் அதையேதான் சொல்றேன். பால் கிளாஸ எடுக்கறப்பவும் அப்படித்தான். எத்தன கிளாஸ் உடைஞ்சிருக்குங்கறீங்க?"

"முதல் வருஷமா?"

"முதல் வருஷம்."

"அப்ப நேரம் இருக்கு" என்றாள் மார்லீன். பிறகு, "யோவ் ரெஃப்ரீ, கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

டுவேன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம் நாற்பது நொடி. குழாய் தட்டியது. இருநூறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு வயதானவர் கைத்தடியைப் பெஞ்சில் ஊன்றிக்கொண்டிருந்தார், யாரோ கைக்குழந்தையைத் தோள் மாற்றினார்கள். நிற்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிற்கும்போது மனிதர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதை டுவேன் கவனித்தார். வரவேண்டியது இன்னும் வரவில்லை; அதுவரைக்கும் எதையாவது பேசித்தான் ஆக வேண்டும்.

"ஞாபகம் இருக்கா?" என்றாள் மார்லீன். "தொண்ணூத்தி ஒண்ணுல ஒன்பது நிமிஷம் நின்னோம்."

"எட்டரை."

"ஒன்பது. ஜேனல் என் கோட்டுக்குள்ள தூங்கிட்டா. நீ அவ ஷூவைக் கைல பிடிச்சுக்கிட்டு நின்னே." அவள் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். "டுவேன், நாம ஹார்ட்வெல்லை விட்டு வந்தது தப்புன்னு உனக்குத் தோணுதா?"

இரண்டு குளிர்காலமாக அவள் இதை வாயில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில், காரில், மெத்தை இருக்கையில், இதை இறக்கிவைக்க ஒரு இடைவெளி அவளுக்குக் கிடைக்கவில்லை.

"சில நாள் தோணுது" என்றார். "உனக்கு?"

"காலைல தோணுது. ஜேனல் வந்து போனா போயிடுது. அவகிட்ட சொல்லிடாதே, மனசு கஷ்டப்படுவா. நீயும் வெளியே சொல்ல மாட்டேங்கற, நான் மட்டும்தான் இப்படியோன்னு நினைச்சேன்."

"நீ பேசாம இருந்ததால, நான் மட்டும்தான்னு நான் நினைச்சேன்."

"ரெண்டு முட்டாளுங்க" என்றாள் மார்லீன். "நாலாம் நம்பர், பிடி, பிடி, பிடிச்சிட்டு பாரு."

நாலாம் நம்பர் இந்தமுறை பந்தைப் பிடித்தான். பிறகுதான் தலையைத் தூக்கினான். எறிந்தான். மோசமான எறி; பலகையின் மேல் ஓரத்தில் பட்டு, எதிராளி ஒருவன் தோளில் விழுந்து, அங்கிருந்து மேலே எழும்பி, விளிம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே போனது. நான்கு நிமிஷம் பத்து நொடி. இருநூறு பேரும் ஒரே பெருமூச்சாக உட்கார்ந்தார்கள். பச்சைச் சட்டைக்காரி திரும்பி மார்லீனின் கையைப் பிடித்து ஆட்டினாள்.

மார்லீன் காலை நீட்டி உட்கார்ந்தாள். பேச்சு நிற்கவில்லை. புது வீட்டின் சமையலறை ஜன்னல் சுவரைப் பார்த்து இருக்கிறது என்றாள். சர்ச்சில் ஒருத்தர்கூடத் தன் பெயரைச் சரியாகச் சொல்வதில்லை என்றாள். பன்னிரண்டாம் நம்பருக்கு முழங்கை விரிகிறது, நான்கு வருஷம் ஆகும் என்றாள். பெத்தானி ரிட்ஜ் பத்தொன்பது புள்ளியில் தோற்றது. அதற்கு அவளிடம் ஆறு காரணங்கள் இருந்தன. காரில் ஏறியும் இரண்டு பாக்கி இருந்தது.

அன்று மாலை டுவேன் ஜேனலைக் கூப்பிட்டார். அந்த இருக்கைகளை ஆபீஸில் வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்.

"என்னப்பா, அம்மாவுக்குப் பிடிக்கலையா? அவ்வளவு நல்ல டீம்."

"நல்ல டீம்தான்மா. அதான் கோளாறு."

அவர் கண்டுபிடித்த வழி இதுதான். சனிக்கிழமை இரண்டு மணி, பெத்தானி ரிட்ஜ். மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரம், மார்லீனின் வலது கைக்குக் கம்பி கிடைக்கும் இடம். முழங்காலுக்கு ஒரு தலையணை. முதல் பந்து விழும்வரை அவளை உட்காரச் சொல்லக் கூடாது, அவள் பேசத் தொடங்கினால் மூச்சு விடச் சொல்லவும் கூடாது.