வாழையிலையைத் தூக்காதே

எங்கள் வாயாகா ஆற்றங்கரையில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு குவளை மசாட்டோ என்கிற மரவள்ளிக் கள், அடுத்தது கொக்கோ பெட்டி. புளிக்கப் போட்ட கொட்டைகளை மூடியிருக்கும் வாழையிலையைத் தூக்கி, விருந்தாளி உள்ளே கையை விட்டு, மோந்து பார்த்து, "அடேங்கப்பா!" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிடும். இந்த மரியாதையில்தான் ஊர்க் கொக்கோ முழுக்கக் கெட்டுக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தவள் நான், ஸெனைடா. போன அறுவடையின்போது மகளுக்குச் சின்னம்மை. இரண்டு வாரம் ஒருத்தரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அந்தக் கொட்டைகளைக் காயவைத்து வெட்டினால் உள்ளே சரியாகப் புளிக்காத ஊதா நிறமே இல்லை, நல்ல பழுப்பு. சும்மா விடுவேனா? தெர்மாமீட்டர் வாங்கி இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டேன். அடிக்கடி திறந்த பெட்டி, புளிக்கத் தேவையான அளவுக்குச் சூடேறவே இல்லை. முதல் இரண்டு நாள் மூடியே கிடந்தது கொதித்தது.

தரப்போத்தோவிலிருந்து வந்த கொள்முதல்காரி நெலிதா என் கொட்டையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிரமாதம்க்கா. ஆனா ஆறு மூட்டைய வச்சு நான் என்ன பண்ண? கண்டெய்னர் நிரம்பணும். ஊரே இப்படிப் பண்ணட்டும், நானே நேரா வந்து வாங்குறேன்."

என் கணவர் எவெரார்டோவுக்கு இது பிடிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டா நம்ம சரக்குக்கு என்னடி தனி மதிப்பு?"

"தனியா வச்சா அது ஆறு மூட்டைதான்யா."

"இந்த வருஷமும் அடிமாட்டு விலைக்குத் தரகர்கிட்டதான் போடணும்னா, மரத்தை வெட்டிப் போட்டுட்டு லிமாவுக்குப் போயிருவோம். சொல்லிட்டேன்."

கோடாலியை அன்றே தீட்டி வைத்துவிட்டார். அவை என் கையால் நட்ட மரங்கள். ஊரைக் கூட்டினேன்.

முதலில் வாய் திறந்தது அர்னுல்ஃபோ. என் மகளுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் எனக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு நான் கொமாத்ரே. ஊரில் அவர் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும்.

"கொக்கோவுக்குக் காய்ச்சல் பாக்குற டாக்டரம்மா வந்துட்டாங்க! கொமாத்ரே, வீட்டுக்கு வந்தவன் கையத் தட்டிவிடச் சொல்றியா? எங்கப்பா கேட்டா செத்தே போயிருவாரு."

"அவர் செத்து ஒன்பது வருஷமாச்சு, கொம்பாத்ரே."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தரும் கை தூக்கவில்லை.

எனக்குப் பிடிவாதம் ஏறினால் ஏறினதுதான். மறுநாளே அர்னுல்ஃபோ வீட்டில், ஒரே தோட்டத்துக் காய்களை உடைத்து இரண்டு பெட்டிகளில் போட்டேன். ஒன்று அவர் இஷ்டத்துக்கு. இன்னொன்றின் மேல் நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். பகலெல்லாம் நான், நான் வீட்டுக்குப் போகும்போது அவர் மனைவி. வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் முதல் பெட்டியைத் திறந்து "அடேங்கப்பா!" சொன்னார்கள். அர்னுல்ஃபோவுக்கு வாயெல்லாம் பல். இரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் காவலை விட்டேன், இடுப்பு விட்டுப்போயிருந்தது.

புளித்துக் காய்ந்த பிறகு எல்லார் முன்னிலையிலும் வெட்டினேன். அவர் பெட்டி ஊதா. என் பெட்டி பழுப்பு. அர்னுல்ஃபோ கத்தியைப் பிடுங்கி என் பெட்டியிலிருந்து இன்னும் இருபது கொட்டைகளை வெட்டினார். அத்தனையும் பழுப்பு. தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த அறுவடையில் நெலிதா வந்தாள். ஒவ்வொரு வீடாக நுழைந்து, கடைசியில் அர்னுல்ஃபோ வீட்டுக்கு வந்தாள். அங்கே மட்டும் நானும் எவெரார்டோவும் கூடப் போனோம். மசாட்டோவைக் குடித்து முடித்தவள், முந்தின நாள்தான் நிரப்பிய பெட்டியின் இலையை மெல்லத் தூக்கினாள்.

பட்டென்று விழுந்தது அடி.

"கைய எடு! நாளைக்குத்தான் திறக்கணும்!" என்று கத்தினார் அர்னுல்ஃபோ. அப்புறம்தான் யாரை அடித்தோம் என்பது அவருக்கு உறைத்தது.

நெலிதா கையைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "வேணும்னுதான் தூக்கினேன். இதோட பதினோரு வீட்டுல அடி வாங்கியாச்சு. கண்டெய்னர் அனுப்புறேன்."

வீடு திரும்பியதும் எவெரார்டோ கோடாலியை எடுத்தார். நான் வாசலை மறித்தேன்.

"எங்கய்யா போற?"

"பலகை பிளக்கத்தான். இன்னும் ரெண்டு பெட்டி வேணும்ல?"